பருவம் பார்த்து வந்தவர்கள்



கொழும்பு மாநகருக்கு எப்போது வரலாம் என்று வெளிநாட்டார் ஒருவர் கேட்பாராயின், டிசெம்பர் முதல் மார்ச்சு வரை வருக என்பதே பயணக் கையேடுகள் அனைத்தும் தரும் விடையாகும். அம்மாதங்களில் வானம் தெளிந்திருக்கும், கடல் அடங்கியிருக்கும், மழை குறைவு. மே மாதத்திற்குப் பின் வருவோரைக் குடையோடு வருமாறு அவை எச்சரிக்கும். இவ்விரண்டிற்கும் நடுவே, ஏப்பிரலிலும், பின்னர் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஓர் இடைக்காலம் உண்டு. கையேடுகள் அதனை இரண்டொரு வரிகளில் கடந்து செல்கின்றன. வரலாறோ அவ்வாறு கடந்து செல்லவில்லை. இந்நகருக்கு வந்து இதன் போக்கை மாற்றிய பலரும், இந்நகரில் நிகழ்ந்து நம் வாழ்வைத் திருப்பிய பல நிகழ்ச்சிகளும் அந்த இடைக்காலங்களோடு தொடர்புடையனவாக இருப்பதைக் காண்கின்றோம். கொழும்புக்கு வருகை தருவோர் எப்போது வரலாம் என்பதை நெடுங்காலம் காற்றே தீர்மானித்தது. பின்னர் மனிதன் கடலிலே ஒரு மதிலை எழுப்பி அவ்வதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். அதன் பின்னர் யார் வரலாம், வந்தவர் தங்கலாமா என்ற கேள்விகள் எழுந்தன. இம்மாற்றத்தின் வரலாற்றையே இன்று சுருக்கமாக ஆராய எண்ணுகின்றேன்.

முதலில் காற்றின் இயல்பை அறிந்துகொள்வோம். இலங்கையின் வளிமண்டலவியல் அறிஞர்கள் ஆண்டை நான்கு பருவங்களாகப் பகுப்பர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும் காலம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்றின் காலம். மார்ச்சும் ஏப்பிரலும் முதலாம் இடைப்பருவம். ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாம் இடைப்பருவம். நம் மீனவரும் பாய்க்கப்பல் ஓட்டிகளும் இக்காற்றுகளைச் சோளகம் என்றும் வாடை என்றும் கச்சான் என்றும் கொண்டல் என்றும் பெயரிட்டு, அவற்றின் வரவையும் போக்கையும் முகத்தில் படும் ஈரத்தைக் கொண்டே அறிந்து வந்தனர். அராபிய மாலுமிகள் பருவம் என்னும் பொருளில் வழங்கிய மௌசிம் என்னும் சொல்லே போர்த்துக்கேயர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து மொன்சூன் ஆயிற்று.

இடைப்பருவத்திலே நிலையான காற்று இல்லை. காலையில் வானம் நீலமாக இருக்கும்; வெயில் சுடும். நண்பகல் கழிந்ததும் கடற்காற்று நிலத்தின் மேல் ஏற, சூடேறிய நிலத்தின் மேலே கருமேகங்கள் மலை போலத் திரளும். மாலை மூன்று நான்கு மணியளவில் இடியும் மின்னலுமாக மழை கொட்டும். பெரும்பாலும் இரவு வருமுன் அது ஓய்ந்துவிடும். கொழும்பில் ஆண்டுதோறும் பெய்யும் ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழையில் ஒக்டோபரும் நவம்பரும் தனித்தனியே 300 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பங்கைப் பெறுகின்றன. ஆகவே, மழையளவை மட்டும் பார்த்தால் இரண்டாம் இடைப்பருவமே இந்நகரின் நனைந்த காலங்களுள் ஒன்று. ஆயினும் அம்மழை நாள் முழுதும் நச்சரிக்கும் மழையன்று. வந்து, தன் வேலையை முடித்து, போய்விடும் மழை. வெப்பநிலையோ ஆண்டு முழுவதும் பெரிதும் மாறுவதில்லை. மாதச் சராசரிகளுக்கிடையே இரண்டு பாகையளவு வேறுபாடே காணப்படும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருவோருக்கு இது ஒரு புதுமை. அங்கே மாரி என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மற்றவை பெரும்பாலும் வறட்சி. வைகாசியில் அடைமழை பெய்யும் ஊரை முதன்முறை காண்பவர் வியப்படைவது இயல்பே. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனத் தொல்காப்பியம் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் பனிக்காலம் இரண்டும் கொழும்பில் இல்லவேயில்லை. பிற பொழுதுகளையும் இங்கே அடையாளம் காண்பது கடினம்.

இத்தகைய நிலை நமக்கு மட்டும் உரியதன்று. உலகப் படத்தில் மேற்கே வெகுதூரம் சென்றால், ஏறக்குறைய நம் அகலக்கோட்டிலேயே மத்திய அமெரிக்காவின் பனாமா நகரம் இருக்கின்றது. கொழும்பு வட அகலக்கோடு 7 பாகையை அண்டியும் பனாமா நகரம் 9 பாகையை அண்டியும் அமைந்துள்ளன. அங்கும் டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்பிரல் வரை வறண்ட காலம். மே முதல் மழைக்காலம். ஸ்பானிய மொழி பேசும் அம்மக்கள் வறண்ட காலத்தைக் கோடை என்னும் பொருள்படும் வெரானோ என்றும், மழைக்காலத்தைக் குளிர்காலம் என்னும் பொருள்படும் இன்வியர்னோ என்றும் அழைக்கின்றனர். குளிரே இல்லாத நாட்டில் மழையே குளிர்காலமாயிற்று. வெப்ப வலயத்தில் வாழும் மக்கள் காலத்தை வெப்பத்தைக் கொண்டன்றி நீரைக் கொண்டே அளக்கின்றனர் என்பதற்கு இது நல்ல சான்று. மற்றோர் ஒற்றுமையும் உண்டு. பனாமா நகரின் வாழ்வை 1914ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட பனாமாக் கால்வாய் மாற்றியமைத்தது போலவே, கொழும்பின் வாழ்வை 1869ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாய் மாற்றியமைத்தது. அதனைப் பின்னர் காண்போம்.

பண்டைக் கொழும்பு ஒரு துறைமுகமென்று சொல்லத்தக்கதன்று. களனி கங்கையின் முகத்துவாரத்திற்குத் தெற்கே நிலம் சிறிது வளைந்திருந்தது. அவ்வளைவின் முன்னே திறந்த கடலிற் கப்பல்கள் நங்கூரமிட்டன. வடகீழ் காற்றுக் காலத்தில் அது பாதுகாப்பான இடம். தென்மேல் காற்று எழுந்துவிட்டால் அலைகள் நேரே மோதும், நங்கூரம் பிடிக்காது, ஆளையும் பொருளையும் படகில் இறக்குவதும் உயிருக்கு ஆபத்தானது. ஆதலின் இந்நகரின் கதவு ஆண்டிற் பாதி திறந்தும் பாதி மூடியும் இருந்தது எனலாம்.

கொழும்பைத் தம் நூலிற் பெயர் சொல்லிக் குறித்த பழைய பயணிகளுள் மொரோக்கோ நாட்டின் இபின் பதூதா முக்கியமானவர். அவர் இலங்கைக்கு வந்தது 1344ஆம் ஆண்டில். அவர் வர விரும்பிய இடம் இதுவன்று. மாலைதீவிலிருந்து தமிழகத்தின் மாபாரை நோக்கிப் புறப்பட்ட கப்பலைக் காற்றுத் திசை மாற்றி, இத்தீவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. புத்தளப் பகுதியிலே ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகத் தங்கி, சிவனொளிபாத மலையைத் தரிசித்து, பின்னர் கலன்பு என்று தாம் எழுதிய கொழும்பையும் அவர் கண்டார். இத்தீவின் பெரிய, அழகிய பட்டினங்களுள் ஒன்றாக அவர் அதனைக் குறித்துள்ளார். கொழும்பு என்னும் பெயர் களனி ஆற்றுத் துறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பாரும், இலை நிறைந்த மாமரத்தைக் குறிக்கும் சிங்களச் சொற்களிலிருந்து வந்தது என்பாரும் உளர்.

நூற்றறுபது ஆண்டுகளின் பின் மற்றொரு விருந்தினர் வந்தார். 1505ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி லொரென்சோ த அல்மெய்தா முஸ்லிம் வணிகரின் கப்பல்களைத் தேடி மாலைதீவை நோக்கிச் சென்றபோது காற்றாலும் நீரோட்டத்தாலும் இலங்கைக் கரைக்குத் தள்ளப்பட்டார். இவரும் வர எண்ணி வந்தவரல்லர். ஆனால் இபின் பதூதா பார்த்துவிட்டுப் போனார், போர்த்துக்கேயரோ போகவில்லை. 1518இல் இங்கே கோட்டை கட்டினர். 1656ஆம் ஆண்டு மே மாதத்தில், பல மாத முற்றுகையின் பின், ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1796இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. காற்று கொண்டுவந்து விட்ட ஒரு விருந்தினரின் வருகை நான்கரை நூற்றாண்டு அந்நியர் ஆட்சிக்குத் தொடக்கமாயிற்று என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கொழும்பின் வட பகுதியாகிய கொட்டாஞ்சேனையையும் அதன் அயலையும் சுற்றி வருவோர் இவ்வரலாற்றைக் கல்லிலே காணலாம். 1757இல் திறந்துவைக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயம் மேட்டு நிலத்தில் நிற்கின்றது. கடலில் வரும் மாலுமிகளின் கண்ணுக்குப் புலப்படும் வண்ணம் அது அமைந்தது. கொச்சிக்கடையிலே புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரிடம், கடல் தம் நிலத்தை அரித்துச் செல்கின்றதே என்று மீனவர் முறையிட்டனர் என்றும், அவர் கரையிற் சிலுவையை நாட்டிச் செபிக்கக் கடல் பின்வாங்கியது என்றும் அத்தலத்தின் மரபு கூறும். தென்மேல் காற்றின் கடலரிப்புக்கு அஞ்சி வாழ்ந்த மக்களின் நெஞ்சத்தை அம்மரபிற் காண்கின்றோம். அண்மையிலேயே ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் உண்டு. பொன்னம்பல முதலியார் எழுப்பிய அக்கோயிலை அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கற் கோயிலாக அமைத்தார்.

பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியிலும் கதவு பாதியே திறந்திருந்தது. ஐரோப்பாவிலிருந்து தபாலையும் பயணிகளையும் கொண்டுவந்த பெரிய நீராவிக் கப்பல்கள் கொழும்பை ஒதுக்கிக் காலித் துறைமுகத்திலேயே நின்றன. தலைநகரம் ஒரு பக்கம், துறைமுகம் எழுபது மைல் அப்பால். 1850களில் சிலோன் ஒப்சேவர் பத்திரிகை காலிக்குக் கப்பலில் வந்த செய்திகளைப் புறாக்களின் காலிற் கட்டிக் கொழும்புக்கு அனுப்பியது என்பது அக்கால நிலையை விளக்கும். காலித் துறையும் குற்றமற்றதன்று. பாறைகள் நிறைந்த அதன் வாயிலிற் கப்பல்கள் பல உடைந்தன. மலைநாட்டிலே கோப்பி பெருகியது. 1867இல் கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை திறந்தது. விளைபொருள் கொழும்பிலே குவிந்தது. சுயஸ் கால்வாய் திறந்த பின் கிழக்கே செல்லும் கப்பல்கள் யாவும் இலங்கையின் வாயிலைக் கடந்தே சென்றன. இனிக் காற்றின் சம்மதத்திற்குக் காத்திருக்க இயலாது என்ற நிலை தோன்றியது.

தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் அலைதடுப்புச் சுவர் ஒன்றைக் கட்டத் தீர்மானமாயிற்று. பொறியியலாளர் சேர் ஜோன் கூட் அதன் திட்டத்தை வகுத்தார். 1875ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆந் தேதி, பின்னர் ஏழாம் எட்வேர்ட் மன்னராகிய வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடலடியிலே கருங்கற் குவியலைப் பரப்பி, அதன் மேல் மாபெரும் கொங்கிறீற்றுக் கட்டிகளைச் சற்றே சாய்த்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்குமாறு அடுக்கினர். அடித்தளம் சிறிது அமிழ்ந்தாலும் கட்டிகள் தாமே இறங்கிப் பொருந்திக்கொள்ளும் என்பதே அவ்வமைப்பின் நுட்பம். அதற்கு வேண்டிய கல்லை மஹர கற்குழிகளிற் சிறைக் கைதிகள் உடைத்தனர். காற்றை வெல்ல எழுந்த அச்சுவரும் காற்றுக்குப் பணிந்தே வளர வேண்டியிருந்தது. தென்மேல் அலைகள் எழும் மாதங்களிலே திறந்த கடலில் மூழ்குவோர் வேலை செய்ய முடியாதல்லவா? நாலாயிரம் அடிக்கு மேல் நீண்ட தென்மேற்குச் சுவர் 1885இல் முற்றுப்பெற்றது. பின்னர் வடக்குச் சுவர்களும் சேர, 1912ஆம் ஆண்டளவிற் கொழும்பு நாற்புறமும் காக்கப்பட்ட துறைமுகமாயிற்று. காலி தன் பெருமையை இழந்தது. ஐரோப்பாவிலிருந்து ஒஸ்ரேலியாவுக்கும் சீனத்துக்கும் செல்லும் கப்பல்கள் நிலக்கரிக்கும் நீருக்கும் இங்கே தங்கின. மே மாதத்துப் புயலிலும் பயணி ஒருவர் கால் நனையாமற் கரையேறலாம் என்ற நிலை, அதற்கு முந்திய இரண்டாயிரம் ஆண்டில் இல்லாத நிலை, அப்போதுதான் வந்தது.

இதன் பின் வந்த புகழ்பெற்றோர் பலர். சுவர் பாதி எழுந்திருந்த 1881ஆம் ஆண்டு நவம்பரிலே ஜெர்மானிய உயிரியல் அறிஞர் ஏர்ணஸ்ட் ஹெக்கல் வந்து, கொட்டாஞ்சேனைக்கு வடக்கே களனி முகத்துவாரத்தருகே விஸ்ட் பங்களா என்னும் மனையில் தங்கினார். 1890 நவம்பரில், சகலீன் தீவின் கைதிகளைக் கண்டு மனம் நொந்து திரும்பிய ருஷிய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ் இங்கே இறங்கினார். கடலில் மடிந்த போர்வீரனைப் பற்றிய குசேவ் என்னும் அவரது சிறுகதை இத்தீவிலேதான் தொடங்கப்பெற்றது. 1896 ஜனவரியில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ருவெய்ன் வந்தார். வீதியிற் செல்வோரின் ஆடை வண்ணங்களை வியந்து எழுதினார். 1897 ஜனவரி 15ஆந் தேதி மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்பிற் கரையிறங்கினார். கீழ்த்திசை மண்ணிலே அவரது முதற் பொதுச் சொற்பொழிவு இந்நகரிலேயே நிகழ்ந்தது. அதன் நினைவாக எழுந்த விவேகானந்த சபை 1902இல் நிறுவப்பெற்று இன்றும் கொட்டாஞ்சேனையில் விளங்குகின்றது. 1927 நவம்பரில் மகாத்மா காந்தி கதர் நிதி திரட்டும் பொருட்டு வந்து, கொழும்பு முதல் யாழ்ப்பாணம் வரை நாட்டைச் சுற்றினார். ஹெக்கலும் செக்கோவும் காந்தியடிகளும் வந்தது பயணக் கையேடுகள் அதிகம் புகழாத இரண்டாம் இடைப்பருவத்திலே என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் நூலெழுதியவர்களையும் சொற்பொழிவாற்றியவர்களையும் மட்டும் விருந்தினராகக் கொள்வது வரலாற்றுக்கு நீதியாகாது. பெயரறியாத பல்லாயிரவர் இக்கரைக்கு வந்தனர். தூத்துக்குடித் தோணிகள் பருவம் பார்த்தே பாய் விரித்தன. தென்மேல் காற்று உரக்கும் மாதங்களிற் கரையேறி ஓய்ந்து, அது தணிந்ததும் அரிசி, வெங்காயம், ஓடு, உப்பு முதலியவற்றை ஏற்றிக்கொண்டு கொழும்பை அடைந்தன. செட்டியார் தெருவின் கிட்டங்கிகள் அவற்றை நம்பியே வாழ்ந்தன. அத்தெருவின் கதிரேசன் கோயில்களிலிருந்து ஆடி மாதத்தில் வேல் இரதம் புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் செல்லும் விழா, வட கொழும்பையும் தென் கொழும்பையும் இணைக்கும் ஒரு கயிறாக இருந்து வந்துள்ளது. வல்வெட்டித்துறை மாலுமிகளின் திறமைக்கோ தனிப் பேச்சு வேண்டும். அங்கே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் தமிழ் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

நீராவிக் கப்பலின் காலத்திலும் தூத்துக்குடி–கொழும்பு வழி தமிழரின் வரலாற்றில் இடம்பெற்றது. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை தோற்றுவித்த சுதேசிக் கப்பற் கம்பெனி காலியா, லாவோ என்னும் கப்பல்களை இவ்வழியிலேயே ஓட்டியது. போட்டியிட்ட ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, இறுதியில் இலவசப் பயணத்தோடு குடையும் கொடுத்தது என்று சொல்வர். மழைக்கும் வெயிலுக்கும் உரிய இவ்வூருக்கு வருபவரை இழுக்கக் குடையே தக்க தூண்டிலாயிற்று போலும்! 1908இல் சிதம்பரனார் சிறைப்பட, அம்முயற்சி தளர்ந்தது.

பருவத்தை நம்பி வந்தவருள் மிகப் பெருந்தொகையினர் தோட்டத் தொழிலாளரே. கோப்பிக் காலத்தில் அவர்கள் மெய்யாகவே பருவகால விருந்தினராய் வந்தனர். ஆண்டின் கடைசி மாதங்களிற் கோப்பிப் பழம் பறிக்கும் காலம் வருமுன், இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து மன்னார்க் கரையை அடைந்து, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே வீழ்ந்தவர் மிகப் பலர். 1869இற்குப் பின் கோப்பியை நோய் அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே பருவத்திற்கு வந்தவர் குடும்பத்தோடு தங்கினர். பயிர் மாறியதாலேயே விருந்தினர் குடியினராயினர். ஆயினும் சட்டம் அவர்களை விருந்தினராகவே நோக்கியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆந் தேதி செய்யப்பெற்ற சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பங்கிட்டது. எஞ்சியோரைப் பின்னர் கவனிப்பதாக விட்டது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

அவர்கள் வந்த வழியே சென்ற வழியுமாயிற்று. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவையும் இருபுறமும் புகையிரதப் பாதையும் இணைந்தமையால், சென்னையில் ஏறியவர் கொழும்புக் கோட்டையில் இறங்கும் வசதி ஏற்பட்டிருந்தது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன், 1964 டிசெம்பர் 22ஆந் தேதி இரவு எழுந்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. இரண்டாம் இடைப்பருவத்தின் முடிவிலே வங்கக் கடலிற் சூறாவளிகள் பிறப்பது வழக்கம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்ததும் அத்தகைய ஒன்றே. மழைக்கு முன் அமைதி தரும் இப்பருவத்தின் மறுபக்கம் இது.

இனி வெள்ளவத்தையைப் பார்ப்போம். மணற்பாங்கான தோட்டம் என்னும் பொருள்படும் சிங்களப் பெயரையுடைய அப்பகுதி, கரையோரப் புகையிரதப் பாதையோடு வளர்ந்தது. 1905இல் யாழ்ப்பாணத்திற்குப் புகையிரதம் சென்றதும், எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் வணிகராகவும் வடபுலத் தமிழர் தலைநகருக்கு வந்தனர். முதலில் அறைகளில் தங்கி, விடுமுறைக்கு ஊர் சென்று, மீண்டு வந்தனர். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி இப்பயணத்தை எளிதாக்கியது. சித்திரைப் புத்தாண்டு முதலாம் இடைப்பருவத்திலும் தீபாவளி இரண்டாம் இடைப்பருவத்திலும் வருவதால், நம்மவரின் போக்குவரத்தும் இடைப்பருவங்களிலேயே மிகுந்தது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நிலைத்த மனையைப் பெற்றமை, வந்து போவோர் ஊன்றி வாழ்வோராக மாறியதற்கு அடையாளமாகும்.

அதே 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கின. தென்மேல் காற்று எழுமுன் கடல் அமைதியாயிருந்த இடைப்பருவம் அது. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனை மக்கள் பலர் நகரை விட்டு ஊர்களை நாடினர். அலைகளைத் தடுத்த சுவர் விமானங்களைத் தடுக்கவில்லை.

1983 யூலை மாதத்தில் நேர்ந்ததோ வெளியிலிருந்து வந்த தாக்குதலன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நகரின் பிற பகுதிகளிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன, உயிர்கள் பறிக்கப்பட்டன. அகதி முகாம்களிற் கூடிய மக்களுட் பல்லாயிரவர் கப்பலேற்றப்பட்டுக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். தலைமுறைகளாக இந்நகரில் வாழ்ந்தோர் ஒரே வாரத்தில், திருப்பி அனுப்பப்படும் விருந்தினராயினர். போர் நீண்ட ஆண்டுகளில் வடக்கு கிழக்கிலிருந்து மருத்துவத்திற்கும் கடவுச்சீட்டுக்கும் வேலைக்கும் வந்தோர் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை விடுதிகளில் மாதக்கணக்கிற் தங்கினர். 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் தேதி அதிகாலையில் அவ்விடுதிகளிலிருந்த சில நூறு தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனை நிறுத்துமாறு இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. பின்னர் அரசாங்கத்தின் சார்பில் வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. ஒரு நாட்டின் குடிமகன் தன் தலைநகரில் தங்குவதற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை என்பதே அக்கட்டளையால் நாம் பெறும் பாடம். 2019 ஏப்பிரல் 21ஆந் தேதி, மற்றோர் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் தலத்திலும் பிற தேவாலயங்களிலும் நகரின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உல்லாசப் பயணிகளும் உள்ளூர் வழிபாட்டினரும் அன்று ஒரே முடிவை அடைந்தனர்.

இவ்வளவும் கேட்ட பின், கொழும்புக்கு எப்போது வரலாம் என்ற கேள்விக்குத் திரும்புவோம். இன்று விமானம் எந்த மாதத்திலும் கட்டுநாயக்காவில் இறங்குகின்றது. பருவம் இனிக் கட்டளையன்று, ஆலோசனை மட்டுமே. இடைப்பருவத்தில் வர எண்ணுவோருக்குச் சில குறிப்புகளைக் கூறலாம். காலைப் பொழுதை வீணாக்கலாகாது. பார்க்க வேண்டிய வீதிகளையும் கோயில்களையும் நண்பகலுக்கு முன் பார்த்துவிடுக. ஏப்பிரல் நடுவிலே புத்தாண்டு வருவதால் நகரத்தார் தத்தம் ஊர் செல்வர். கடைகள் பூட்டியிருக்கும், வீதிகள் வெறிச்சோடியிருக்கும். நகரின் கட்டடங்களை அமைதியாகக் காண விழைவோருக்கு அதுவே நல்ல காலம். நகரின் மக்களைக் காண விழைவோர் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வருக. அப்போது செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் மாலை மழைக்குக் கடை முகப்பில் ஒதுங்கும் கூட்டத்தில் மூன்று மொழிகளும் ஒருங்கே கேட்கும். ஏப்பிரலின் பிற்பகுதியிற் கடல் கொந்தளிக்கத் தொடங்கும். அதில் நீராட விரும்புவோர் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். தாழ்ந்த நிலங்களில் வெள்ளம் நிற்கும். வெள்ளவத்தைக் கால்வாய் கடலிற் சேருமிடம் அடைபடாது காக்கப்படுவது அக்காலத்தில் எத்துணை அவசியம் என்பதை அங்குள்ளோர் நன்கறிவர்.

காற்று கொண்டுவந்து சேர்த்த இபின் பதூதாவுக்கு இத்தீவின் தமிழ் மன்னன் விருந்தளித்தான். பெயரறியாதவருக்கும் பருவந்தவறி வந்தவருக்கும் இடமளிப்பது துறைமுக நகரத்தின் அறம். கடற்காற்றைச் சுவர் எழுப்பித் தடுக்கலாம் என்பதை இந்நகரம் 1885இல் நிலைநாட்டியது. வந்தவரை வாழ்வோராக ஏற்கும் பணி அதனினும் கடினமானது. அது சட்டத்தாலும் நீதிமன்றத்தாலும் மட்டும் முற்றுப்பெறாது, அயல்வீட்டார் நெஞ்சத்தாலும் முற்றுப்பெற வேண்டும். அப்பணியின் வரலாற்றில் நம் தலைமுறைக்குரிய பக்கம் இன்னும் எழுதப்படுகின்றது. அதனை நன்கு எழுதுவது கொழும்பிற் பிறந்தோர்க்கும் கொழும்புக்கு வந்தோர்க்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.